வாசலில் வரி கேட்டால் பார்சல் திரும்பி வரும்

கேள்வி: வீட்டிலேயே தோல் மணிபர்ஸ், கைப்பை, குழந்தைகளுக்கான மர பொம்மைகள் செய்து என் சொந்த இணையதளத்தில் விற்கிறேன். இரண்டு வருடமாக உள்நாட்டில் மட்டும்தான். சமீபத்தில் வெளிநாட்டு ஆர்டர்களையும் வாங்க ஆரம்பித்தேன். அனுப்பிய முதல் ஏழு பார்சலில் இரண்டு வம்பாகிவிட்டன. ஜெர்மனிக்குப் போனதை, வாசலில் வரியும் கட்டணமும் கேட்டார்கள் என்று வாங்கியவர் மறுத்துவிட்டார். அமெரிக்காவுக்குப் போனது பன்னிரண்டு நாளாகக் கஸ்டம்ஸில் நிற்கிறது. “கிஃப்ட் என்று எழுதி விலையைக் குறைத்துப் போடு, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்” என்கிறார் இதே தொழிலில் இருக்கும் தோழி. பெரிய விற்பனைத் தளம் ஒன்றில் சேர்ந்துவிடலாமா, இல்லை வெளிநாடே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? இரண்டு பார்சலின் இன்வாய்ஸ் நகலையும், பொருட்களின் படங்களையும், ஏழு ஆர்டரின் விவரத்தையும் இணைத்திருக்கிறேன். கூரியர் செலவும் எகிறுகிறது.

பதில்: அமெரிக்க பார்சலை முதலில் கவனியுங்கள், மற்றதெல்லாம் காத்திருக்கும். கூரியர்காரர்கள் உங்களிடம் ஏற்கெனவே ஏதோ கேட்டிருப்பார்கள். பன்னிரண்டு நாள் சும்மா இருக்க மாட்டார்கள். மின்னஞ்சலில் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். இல்லையென்றால் டிராக்கிங் எண்ணோடு போன் செய்து, “கஸ்டம்ஸ் என்ன கேட்டிருக்கிறது?” என்று நேரடியாகக் கேளுங்கள். “பார்சல் எங்கே இருக்கிறது?” என்று கேட்டால் “கிளியரன்ஸில் இருக்கிறது” என்ற பதிலோடு வைத்துவிடுவார்கள். திருத்திய இன்வாய்ஸ், வாங்கியவர் பணம் கட்டியதற்கான ரசீது, பொருளின் இரண்டு படங்கள், எந்த நாட்டில் செய்தது என்ற ஒரு வரி, இந்த நான்கையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒவ்வொன்றாக அனுப்பினால் ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசிக்குப் போவீர்கள்.

இன்வாய்ஸை ஏன் திருத்த வேண்டும்? அதில் நீங்கள் எழுதியிருப்பது “லெதர் ஐட்டம், 2”. அவ்வளவுதான். பார்சலைத் திறந்து பார்க்காமல் முடிவெடுக்க வேண்டிய ஒருவர் கண்முன் இருப்பது அந்த ஒரே வரி. செருப்பா, பெல்ட்டா, பையா, நாய்க்கழுத்துப் பட்டையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாவிட்டால் ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பார். நான் கஸ்டம்ஸ் புரோக்கர் வேலைக்கு வந்த முதல் வருடம் ஒரு வாடிக்கையாளரின் பார்சலில் “சாம்பிள், மதிப்பு இல்லை” என்று எழுதி, விலை என்ற இடத்தில் பூஜ்யம் போட்டு அனுப்பினேன். சாம்பிளாகவே இருந்தாலும் பொருளுக்கு ஒரு மதிப்பு உண்டு, அதை அனுப்புகிறவர் எழுதாவிட்டால் கஸ்டம்ஸ்காரர்கள் எழுதுவார்கள் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். அவர்கள் எழுதிய மதிப்பு வாடிக்கையாளருக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் மணிபர்ஸுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “ஆண்களுக்கான மணிபர்ஸ், வெளிப்பக்கம் பசுத்தோல், உள்பக்கம் பருத்தித் துணி, புதியது, எண்ணிக்கை 2, ஒன்றின் விலை இவ்வளவு, உற்பத்தியான நாடு இது.” இதையே ஆங்கிலத்தில் போட்டு, பக்கத்தில் எச்.எஸ். கோடு எழுத வேண்டும். உலகச் சுங்க அமைப்பு பராமரிக்கும் இந்த வகைப்பாட்டு எண் 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்குப் பின்னால் ஒவ்வொரு நாடும் தன் பங்குக்குச் சேர்த்துக்கொள்ளும். அமெரிக்காவில் இறக்குமதிக்கு மொத்தம் பத்து இலக்கம். உங்கள் மணிபர்ஸ் 4202.31-இல் வரும்: பாக்கெட்டிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளும் பொருள், வெளிப்பக்கம் தோல். அதே அளவு, அதே தையல், ஆனால் வெளியே துணி அல்லது பிளாஸ்டிக் ஷீட் என்றால் 4202.32. உள்ளே எத்தனை அறை, என்ன லைனிங் என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது, வெளிப்பக்கம்தான் தீர்மானிக்கும். தோல் கைப்பை 4202.21. நாளைக்கு பெல்ட் செய்தால் அது 42-ஆம் அத்தியாயத்திலேயே வேறு இடம், 4203.30. மர பொம்மை 9503-க்குப் போய்விடும்.

இதை ஒரு முறை உட்கார்ந்து செய்தால் போதும். உங்களிடம் இருப்பது பதினைந்து இருபது பொருள்தானே? ஒவ்வொன்றுக்கும் கோடு, ஒரு வரி விவரம், எடை, பெட்டி அளவு என்று ஒரு எக்செல் ஷீட் போட்டுவிடுங்கள். சந்தேகம் வந்தால், அமெரிக்கக் கஸ்டம்ஸ் தன் பழைய வகைப்பாட்டுத் தீர்ப்புகளைத் தேடிப் பார்க்கும்படி ‘கிராஸ்’ என்ற பெயரில் இணையத்தில் வைத்திருக்கிறது. “வாலட், அவுட்டர் சர்ஃபேஸ் லெதர்” என்று ஆங்கிலத்தில் தேடினால் உங்கள் பொருளைப் போன்ற எத்தனையோ பொருளுக்கு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று படிக்கலாம். காசு கொடுத்து ஆலோசனை கேட்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். என் தொழிலுக்கு நஷ்டம்தான், பரவாயில்லை.

உற்பத்தி நாடு என்பது பார்சல் கிளம்பிய நாடு அல்ல. பொம்மைக்கான மணிகளையோ முழுப் பொம்மையையோ வேறு நாட்டிலிருந்து வாங்கி விற்கிறீர்கள் என்றால் அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். அமெரிக்காவில் 2025-இல் கூடுதல் வரி உற்பத்தி நாட்டை வைத்தே போடப்பட்டது, விகிதங்களும் அடிக்கடி மாறியிருக்கின்றன. அங்கே தவறாக எழுதினால் அது வெறும் எழுத்துப் பிழையாக எடுத்துக்கொள்ளப்படாது.

இனி உங்கள் தோழி சொன்ன கிஃப்ட் விஷயம். வேண்டாம். கிஃப்ட்டுக்கான சலுகை ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்குக் காசு வாங்காமல் அனுப்புவதற்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு உச்சவரம்பே 45 யூரோதான். உங்கள் பார்சலில் கடையின் பெயர் போட்ட டேப், உள்ளே நன்றி அட்டை, இணையதளத்தில் அதே பையின் விலை எல்லாம் இருக்கும்போது அதைக் கிஃப்ட் என்று யார் நம்புவார்? சிக்கினால் அபராதம் ஒரு பக்கம். அதைவிட, 10 டாலர் என்று எழுதிய கைப்பை வழியில் தொலைந்தால் நஷ்டஈடும் 10 டாலரைத் தாண்டாது. அடுத்த முறை நேர்மையாக எழுதும்போது, “போன முறை 10, இப்போது 90 எப்படி?” என்று கேட்டால் பதில் இருக்காது. தோழிக்கு இதுவரை பிரச்சினை வரவில்லை என்றால், இன்னும் யாரும் திறந்து பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

சரி, ஜெர்மனிக்கு வருவோம். வாங்கியவர் மேல் தவறே இல்லை. உங்கள் தளத்தில் ஒரு விலையைப் பார்த்துப் பணம் கட்டினார். பார்சல் வாசலுக்கு வந்தபோது 19 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு) வரி, அதை முன்கூட்டிக் கட்டியதற்காகக் கூரியரின் சேவைக் கட்டணம் என்று இன்னொரு தொகையை நீட்டினார்கள். சின்ன மணிபர்ஸுக்கு அந்தச் சேவைக் கட்டணமே எரிச்சல் மூட்டப் போதும். 22 யூரோ வரை வாட் கிடையாது என்ற பழைய விலக்கை 2021 ஜூலை 1-ஆம் தேதியோடு எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு யூரோ பொருளுக்கும் வாட் உண்டு. 150 யூரோ வரை சுங்க வரி இல்லை என்ற சலுகையையும் எடுத்துவிட முடிவு செய்துவிட்டார்கள். அதற்குப் பதில் 2026 ஜூலை 1 முதல் ஒரு வகைப் பொருளுக்கு 3 யூரோ என்று ஒரே அளவான வரி போட உறுப்பு நாடுகள் 2025 டிசம்பரில் ஒப்புக்கொண்டன.

ஆக, யாரோ ஒருவர் அந்த வரியைக் கட்டித்தான் ஆக வேண்டும். அதை வாங்குகிறவர் எப்போது தெரிந்துகொள்கிறார் என்பதில்தான் வியாபாரம் நிற்பதும் விழுவதும். பணம் கட்டும் திரையிலேயே தெரிந்தால் யோசித்துவிட்டு வாங்குவார், அல்லது போய்விடுவார், உங்களுக்குச் செலவில்லை. வாசலில் தெரிந்தால் போகவரக் கூரியர் செலவு முழுக்க உங்கள் தலையில்.

கூரியர் புக் செய்யும்போது டி.ஏ.பி., டி.டி.பி. என்று இரண்டு தேர்வு இருக்கும். நீங்கள் எதையும் தொடாமல் விட்டிருப்பீர்கள், அது டி.ஏ.பி.-யாகவே போயிருக்கும்: பொருள் வாசல் வரை உங்கள் பொறுப்பு, வரி வாங்குகிறவர் பொறுப்பு. டி.டி.பி. என்றால் வரியும் உங்கள் பொறுப்பு. நேரடியாக வீட்டுக்காரர்களுக்கு விற்கிறவர்களுக்கு டி.டி.பி.-தான் சரி என்பது என் தீர்மானமான கருத்து. வரியைத் தோராயமாகக் கணக்கிட்டு விலையில் சேர்த்து, “இறக்குமதி வரி உட்பட” என்று தளத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். சில பார்சலில் கொஞ்சம் கையைக் கடிக்கும், சிலவற்றில் கொஞ்சம் மிஞ்சும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஐ.ஓ.எஸ்.எஸ். என்று இன்னொரு வழி உண்டு. 150 யூரோவுக்கு மிகாத பார்சலுக்கு, விற்கும்போதே வாட்டை வசூலித்து, மாதம் ஒரு முறை ஒரே ஒரு உறுப்பு நாட்டில் கணக்கு காட்டிக் கட்டிவிடலாம். 27 நாட்டுக்கும் அது செல்லும். ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவர்கள் பெரும்பாலும் அங்கே ஒரு இடைத்தரகரை அமர்த்த வேண்டியிருக்கும், அவருக்கு வருடக் கட்டணம் உண்டு. மாதம் நாலைந்து பார்சலுக்கு அது கட்டுப்படியாகாது, முப்பது நாற்பது என்று வந்தால் யோசிக்கலாம். எடுத்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்தப் பதிவு எண்ணைப் பெட்டிமேல் எழுதினால் போதாது, கூரியரின் மின்னணுத் தகவலில் அதற்குரிய கட்டத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் வாங்கியவரிடம் இரண்டாம் முறையும் வாட் கேட்பார்கள்.

பிரிட்டன் தனிக் கணக்கு. 135 பவுண்டுக்கு மிகாத பார்சல் என்றால் நீங்களே அங்கே வாட் பதிவு செய்து விற்கும்போது வசூலிக்க வேண்டும் என்பது 2021 ஜனவரி முதல் விதி. ஒரே ஒரு பார்சல் என்றாலும் விதி அதுதான். ஆஸ்திரேலியா கொஞ்சம் இரக்கமுள்ள நாடு: 1,000 ஆஸ்திரேலிய டாலருக்கு உட்பட்ட பொருளுக்கு விற்பவரே ஜி.எஸ்.டி. வசூலிக்க வேண்டும், ஆனால் அங்கே உங்கள் விற்பனை 12 மாதத்தில் 75,000 ஆஸ்திரேலிய டாலரை எட்டினால்தான் பதிவு கட்டாயம். அமெரிக்காவில் 800 டாலர் வரை வரியில்லை என்ற வாசல் 2025 ஆகஸ்ட் 29 அன்று எல்லா நாட்டுக்கும் மூடப்பட்டது. அந்த வாரம் பல நாட்டுத் தபால் துறைகள் அமெரிக்காவுக்குப் பார்சல் வாங்குவதையே நிறுத்திவைத்தன. பழைய கட்டுரைகளில் இன்னும் 800 டாலர் கணக்கைத்தான் எழுதியிருக்கும். தேதி பார்த்துப் படியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு வரியைவிடக் கவலை தருவது: மர பொம்மைகள். வரி விஷயத்தில் தவறினால் பணத்தோடு போகும். பொம்மை விஷயத்தில் ஒரு குழந்தையின் தொண்டை சம்பந்தப்பட்டிருக்கிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மையைச் சோதிக்க ஒரு சின்ன உருளை வைத்திருப்பார்கள், உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். பொம்மையோ, அதிலிருந்து கழன்ற சக்கரமோ மணியோ அழுத்தாமல் அதற்குள் முழுதாக அடங்கிவிட்டால் பொம்மை தோற்றது. உங்கள் படத்தில் இருக்கும் இழுவண்டியின் சக்கரத்தை எடுத்து ஒரு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். அமெரிக்காவில் 12 வயது வரையிலான குழந்தைகள் பொருளுக்கு, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சோதனையும் அதை வைத்துத் தரும் சான்றிதழும் வேண்டும் என்று 2008-இல் சட்டம் வந்தது. மிகச் சிறிய உற்பத்தியாளர்களுக்குச் சில தளர்வுகள் உண்டு, ஆனால் தானாக வராது, பதிவு செய்துதான் பெற வேண்டும். ஐரோப்பாவில் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சி.இ. முத்திரை, அதற்குப் பின்னால் இ.என்.71 என்ற பொம்மைப் பாதுகாப்புச் சோதனைகள், அவற்றின் ஆவணங்கள் அடங்கிய தொழில்நுட்பக் கோப்பு. இதெல்லாம் கையில் வரும்வரை பொம்மைப் பக்கத்தில் வெளிநாட்டு டெலிவரியை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

தோலுக்கும் ஒரு சங்கதி உண்டு. குரோமியம் போட்டுப் பதனிட்ட தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் உருவாகலாம், தோல் ஒவ்வாமை தரக்கூடியது. உடம்பில் படும் தோல் பொருளில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்பது 2015 மே 1 முதல் ஐரோப்பிய விதி. நீங்களே சோதிக்கத் தேவையில்லை. தோல் வாங்கும் இடத்தில் அந்த லாட்டுக்கான சோதனை அறிக்கையைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். அப்புறம், 2024 டிசம்பர் 13 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் சாதாரண நுகர்பொருளுக்கும் ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரும் முகவரியும் வேண்டும், உங்கள் விற்பனைப் பக்கத்திலும் அது தெரிய வேண்டும். காசு வாங்கிக்கொண்டு இந்தப் பொறுப்பை ஏற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்கள் உங்களிடம் பொருளின் ஆவணங்களைக் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

யாராவது பாம்புத்தோல், முதலைத்தோல் பை கேட்டால் மறுத்துவிடுங்கள், அருகிவரும் உயிரின வர்த்தக உடன்படிக்கை அனுமதி உங்கள் அளவுக்குத் தாங்காது. பைக்குள் பவர்பேங்க் இலவசம் என்று விளம்பரம் செய்யவும் தோன்றலாம், வேண்டாம். தனியாக வரும் லித்தியம் அயன் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் தடை இருக்கிறது.

கூரியர் செலவு எகிறுகிறது என்று கடைசி வரியில் சேர்த்திருந்தீர்கள். கைப்பைக்கு 40, 30, 20 சென்டிமீட்டர் பெட்டி போடுகிறீர்கள். மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் 4.8. பை 1.3 கிலோதான் இருக்கிறது, ஆனால் விமானத்தில் அது அடைக்கும் இடத்துக்கு 4.8 கிலோ கணக்கில் காசு வாங்கியிருக்கிறார்கள். உள்ளே காகிதம் திணிக்காமல் தட்டையாக மடித்து உயரத்தை 8 சென்டிமீட்டருக்குக் கொண்டுவர முடிந்தால் 1.92 கிலோ. தோலில் மடிப்பு விழுமே என்பீர்கள். அடிப்பாகத்து அட்டையைக் கழற்றி மாட்டும்படி தைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். வாங்குகிறவரின் போன் எண்ணையும் மின்னஞ்சலையும் தளத்தில் கட்டாயமாக்குங்கள். கஸ்டம்ஸில் ஒரு கேள்வி வந்து, கேட்க ஆள் கிடைக்காமல் திரும்பிய பார்சல்கள் நான் பார்த்ததிலேயே ஏராளம்.

திரும்பி வரும் சரக்குக்கும் முன்கூட்டியே வழி செய்துவிட வேண்டும். ஐரோப்பாவில் இணையத்தில் வாங்கியவர் காரணமே சொல்லாமல் 14 நாளில் மனம் மாறலாம். பெயர் பொறித்துக் கொடுத்த மணிபர்ஸ் போல அவருக்காகவே செய்ததற்கு அந்த உரிமை இல்லை. உங்கள் தளத்தில் பெயர் பொறிக்கும் வசதி இருக்கிறது, அது வெளிநாட்டில் வாங்குகிறவர் கண்ணில் முதலில் படும்படி வையுங்கள். திரும்பி வரும் பொருளுக்கு உங்கள் நாட்டுக் கஸ்டம்ஸே இறக்குமதி வரி கேட்கலாம். நாம் அனுப்பியதுதான் திரும்புகிறது என்று காட்ட ஏற்றுமதி ஆவணமும் பழைய இன்வாய்ஸ் எண்ணும் வேண்டும். ஜெர்மனியிலிருந்து வரும் பார்சலுக்கு இப்போதே அதை எடுத்து வையுங்கள்.

பெரிய விற்பனைத் தளத்தில் சேரலாமா? சேரலாம், எதற்கு என்று தெரிந்து சேருங்கள். ஐரோப்பா, பிரிட்டனுக்குப் போகும் சின்ன பார்சலின் வாட்டை அவர்களே வசூலித்துக் கட்டிவிடுவார்கள், அது பெரிய நிம்மதி. எச்.எஸ். கோடு, பொருளின் பாதுகாப்பு, ஒன்றியத்துக்குள் பொறுப்பாளர் எல்லாம் அங்கேயும் உங்கள் வேலைதான்; சரியில்லை என்றால் பொருளையே பக்கத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். அங்கே உள்ள கிடங்கில் சரக்கை அனுப்பி வையுங்கள், டெலிவரி வேகமாகும் என்று ஆசை காட்டுவார்கள். சரக்கு எந்த நாட்டுக் கிடங்கில் இருக்கிறதோ அந்த நாட்டில் வாட் பதிவு வேண்டியிருக்கும் என்பதை இரண்டாம் பக்கத்தில்தான் சொல்வார்கள். உங்கள் அளவுக்கு இப்போது அது வேண்டாம்.

வெளிநாடே வேண்டாம் என்று விடவும் தேவையில்லை. எல்லா நாட்டையும் ஒரே நாளில் திறந்ததுதான் தவறு. உங்கள் ஏழு ஆர்டரில் மூன்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருக்கிறது, மூன்றும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. அதை வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்கு டி.டி.பி. விலை போட முடிந்தால் தோல் பொருளுக்கு மட்டும் திறந்து வையுங்கள். ஐரோப்பாவையும் பிரிட்டனையும் தளத்தின் டெலிவரிப் பட்டியலிலிருந்து தற்காலிகமாக எடுத்துவிட்டு, பொறுப்பாளரும் குரோமியம் அறிக்கையும் வாட் ஏற்பாடும் வந்தபின் திரும்பச் சேருங்கள்.

ஜெர்மனி வாடிக்கையாளருக்கு இன்றைக்கே எழுதுங்கள். அவர் கட்டிய முழுத் தொகையையும், டெலிவரிக் கட்டணம் உட்பட, பார்சல் திரும்பி வரும்வரை காத்திருக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வரி பற்றி முன்பே சொல்லாதது உங்கள் பக்கத்துப் பிழை என்று ஒரு வரி போதும், விளக்கம் வேண்டாம். ஐரோப்பாவுக்கு மறுபடி அனுப்ப ஆரம்பிக்கும்போது தகவல் சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.